ஓசி ரிட்டன்

எங்கள் வீட்டு அடுப்படி விளக்கு தினமும் சாயங்காலம் இரண்டு முறை கண்ணடிக்கும். அதை முதலில் கண்டுபிடித்தவள் நான்தான். கண்டுபிடித்த கையோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்த வயதில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்ததாக யாரும் சொன்னதில்லை. இப்போதும் சொல்வதில்லை, அது வேறு விஷயம்.

வலங்கைமானுக்குப் பக்கத்தில், வாய்க்காலை ஒட்டிய ஊர் எங்களுடையது. தாத்தா பண்ணையாளாக இருந்தவர். பிறகு தஞ்சாவூரில் இருந்த ஒரு மிராசுதாரிடம் ஒன்பது மா நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்தார். மூன்று மா சேர்ந்தால் ஒரு ஏக்கர். அந்த மூன்று ஏக்கரில் விளைந்ததை வைத்துத்தான் ஓட்டு வீடு கட்டினார், இரண்டு பிள்ளைகளை ஆளாக்கினார், வீட்டுக்குக் கரண்ட் இழுத்தார். எங்கள் தெருவிலேயே முதல் பல்பு எரிந்தது நம் வீட்டில்தான் என்று பெரியப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

தாத்தா போய்ச் சேர்ந்த மறு வருஷம் கட்சி இரண்டாக உடைந்தது. பெரியப்பா பழைய கட்சியிலேயே இருந்துவிட்டார். அப்பா புதுக் கட்சிக்குப் போய்விட்டார். அதுவரை ஒரே சைக்கிளில் மாநாட்டுக்குப் போய்வந்த அண்ணன் தம்பிக்குள், கூடத்தில் யார் படத்தை மாட்டுவது என்று சண்டை வந்தது. படத்தில் ஆரம்பித்தது பாத்திரம் பண்டம்வரை போய், கடைசியில் ஓர் ஆவணி மாதத்தில் கூடத்தின் நடுவே சுவராக எழுந்து நின்றது. அப்பா தன் தலைவரை அந்தச் சுவரில் மாட்டினார். பெரியப்பா அதே சுவரின் அந்தப் பக்கத்தில் தன் தலைவரை மாட்டினார். வெளியே மேடைகளில் ஒருவரை ஒருவர் கிழித்துத் தொங்கவிட்டுக்கொண்டிருந்த இரண்டு தலைவர்களும் எங்கள் வீட்டில் மட்டும் முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு குடித்தனம் நடத்தினார்கள்.

தாத்தா காலத்து மீட்டர் பெரியப்பா பக்கம் போய்விட்டது. அண்ணன் மீட்டரில் நான் விளக்கெரிக்க மாட்டேன் என்று அப்பா வீம்பாக மனுப் போட்டு, நடையாய் நடந்து, தை மாதம் எங்கள் பக்கத்துக்குப் புது மீட்டர் வாங்கினார். உள்ளே இருந்த பழைய ஒயர்களை இரண்டாகப் பிரித்துக் கொடுத்தது யாரோ ஒரு கற்றுக்குட்டி. அன்றைக்கு எங்கள் வீட்டில் பாயசம். "லைன் எடுத்தாச்சா?" என்று வருகிறவர் போகிறவர் எல்லாம் கேட்டார்கள். அப்பா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டு "எடுத்தாச்சு" என்பேன். பள்ளிக்கூடத்தில் டீச்சர் கேட்டார், அங்கேயும் "எடுத்தாச்சு". ஆறு மாதம் அந்த ஒரு வார்த்தையை வைத்தே பெருமை அடித்துக்கொண்டேன்.

சுவர் வந்ததோடு பேச்சும் நின்றுபோயிற்று. அம்மாவும் பெரியம்மாவும்கூடப் பேசிக்கொள்ளக் கூடாது என்பது அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளாமலே சேர்ந்து எடுத்த முடிவு. பெரியப்பாவின் இரண்டு பையன்களும் மன்னார்குடியில் ஹாஸ்டலில் இருந்தார்கள். ஆக, இரண்டு வீட்டுக்கும் தங்குதடையில்லாமல் போய்வரும் உரிமை உலகத்திலேயே எனக்கு ஒருத்திக்குத்தான் இருந்தது. எனக்கு அதில் தலைகால் புரியவில்லை. அப்பா வாசலில் நின்றுகொண்டு, "நாளைக்கு மடை முறை நம்மளுதுன்னு போய்ச் சொல்லு" என்பார். பெரியப்பா அங்கிருந்து மூன்றடி தள்ளித் தன் வாசலில் நின்றுகொண்டிருப்பார். நான் மூன்றடி நடந்து போய் அதையே சொல்வேன். அவர் "தெரியும்னு சொல்லு" என்பார். மறுபடி மூன்றடி நடந்து வந்து "தெரியுமாம்" என்பேன். இரண்டு பேரும் அதற்குப் பிறகுதான் காதில் விழுந்ததுபோல் முகத்தை வைத்துக்கொள்வார்கள்.

இதெல்லாம் சிரிப்பாகவே போயிருக்கும், நிலம் ஒன்று நடுவில் இல்லாமல் இருந்திருந்தால்.

குத்தகைக்காரர்களின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றுகிற சட்டம் வந்திருந்த காலம் அது. தன் கட்சி கொண்டுவந்த சட்டம் என்று பெரியப்பா சொல்வார். உடைவதற்கு முன்னால் கொண்டுவந்தது, அதனால் தங்களுக்கும் அதில் பங்கு உண்டு என்று அப்பா சொல்வார். சட்டம் யாருடையதாக இருந்தால் என்ன, பதிவேட்டில் இருந்தது தாத்தா பெயர். தாத்தா இல்லை. பிள்ளைகளின் பெயரை ஏற்ற வேண்டும். மிராசுதாரின் காரியக்காரர் அதற்கு ஆட்சேபணை கொடுத்துவிட்டார். அண்ணன் தம்பி பிரிந்துவிட்டார்கள், வீட்டுக்கு நடுவில் சுவர், தனித்தனி மீட்டர், சேர்ந்து சாகுபடி செய்யவில்லை, ஆகவே இவர்களுக்கு நிலத்தில் பாத்தியதை இல்லை என்று எழுதியிருந்தார். பாத்தியதை என்ற வார்த்தையை நான் அந்த மாதத்தில்தான் கற்றுக்கொண்டேன். வீட்டில் எல்லாரும் சாப்பாட்டு வேளையில்கூட அதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

காரியக்காரர் எழுதியதில் பொய் அதிகம் இல்லை. ஒன்பது மாவில் பெரியப்பா ஒரு கோடியிலிருந்து நாலு மா உழுதார். அப்பா மறு கோடியிலிருந்து நாலு மா உழுதார். நடுவில் ஒரு மா மிச்சம். அதில் கால் வைத்தால் மற்றவர் என்ன சொல்வாரோ என்று இரண்டு பேரும் தொடவில்லை. ஆனியில் தண்ணீர் வந்து ஊரெல்லாம் நாற்றுவிட்டுப் பச்சென்று கிடந்தபோது, எங்கள் நடு மா மட்டும் கோரை மண்டிக் கிடந்தது. காரியக்காரர் குடையை ஊன்றிக்கொண்டு வரப்பில் நின்று அதைப் பார்த்துவிட்டுப் போனார்.

முதல் விசாரணைக்கு அப்பாவும் பெரியப்பாவும் கும்பகோணத்துக்கு வேறு வேறு பஸ்ஸில் போய், ஆபீசில் இரண்டு மூலையில் நின்றார்களாம். ஆபீசர் சலித்துக்கொண்டு, ஆடி மாதம் ஒரு வியாழக்கிழமையைக் குறித்து, இரண்டு பேரும் சேர்ந்து வந்து ஒரே வாக்குமூலம் கொடுத்தால் பெயரை ஏற்றுவதாகவும், இல்லையென்றால் ஆட்சேபணையை ஒத்துக்கொள்ள வேண்டிவரும் என்றும் சொல்லி அனுப்பினார். ஒரு வார்த்தை போதும். "வாங்கண்ணே, போகலாம்." அல்லது "வாடா, போகலாம்." அதைச் சொல்ல இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை. என்னைக் கூப்பிட்டுச் சொல்லி அனுப்பவும் மனசு வரவில்லை. "அவரு கூப்பிடட்டும்" என்று இங்கே, "அவன் கூப்பிடட்டும்" என்று அங்கே. அம்மா ராப்பகலாக முகம் வாடிக் கிடந்தாள்.

இந்த நேரத்தில்தான் நான் விளக்கைக் கவனித்தேன். சாயங்காலம் வாசல் தெளித்துக் கோலம் போட்டு முடித்த கொஞ்ச நேரத்தில் அடுப்படி விளக்கு அணைந்து எரியும், மறுபடி அணைந்து எரியும். பக்கத்துக் கூடத்து விளக்கு அசையாமல் எரிந்துகொண்டிருக்கும். அடுப்படி மட்டும். நாலைந்து நாள் எண்ணிப் பார்த்தேன், சரியாக இரண்டு. அப்பா சாப்பிட உட்கார்ந்தபோது, "அப்பா, நம்ம அடுப்படி விளக்கு தினம் ரெண்டு தடவ கண்ணடிக்குதுப்பா" என்றேன். அம்மா குழம்பு ஊற்றுகிற சாக்கில் குனிந்து என் தொடையில் கிள்ளினாள். எதற்குக் கிள்ளினாள் என்று புரியாமல் நான் இன்னும் விவரமாகச் சொன்னேன்.

அப்பா சோற்றைப் பிசைந்தபடியே யோசித்தார். பெரியப்பா வீட்டு மெயினை அணைத்தால் எங்கள் அடுப்படி இருட்டாகிறது என்று அவருக்கும் முன்பே ஒரு சந்தேகம். இடி இடித்தால் பெரியப்பா மெயினை அணைத்துவிடுவார். அப்போதெல்லாம் எங்கள் அடுப்படியும் அணைந்திருக்கிறது. "வேணும்னே பண்றாங்க. நம்ம லைன்ல ஏதோ கைவச்சிருக்காங்க" என்று முடிவுகட்டிவிட்டார்.

வேடிக்கை என்னவென்றால், பெரியப்பாவும் அதே சமயத்தில் அதே குற்றச்சாட்டோடு ஊரில் அலைந்துகொண்டிருந்தார். அவர் தன் வீட்டு மெயினை அணைத்துவிட்டுப் பழுதான ஹோல்டரை மாற்றப் போயிருக்கிறார். அணைத்த பிறகும் ஷாக் அடித்திருக்கிறது. தம்பி களவாணித்தனமாக ஒயர் கொடுத்து என்னமோ செய்துவிட்டான் என்று டீக்கடையில் சொன்னார். அடுத்த நாள் அதே டீக்கடையில் அப்பா தன் புகாரைச் சொன்னார். இரண்டு நாளும் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தவர் வலங்கைமானிலிருந்து வரும் ஒயர்மேன். இரண்டும் ஒரே வியாதி என்று அவருக்குப் பட்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை தானாகவே சைக்கிளை வாசலில் சாத்திவிட்டு, இரண்டு வீட்டுக்கும் பொதுவாக நின்று சொன்னார்.

"ஒரு பக்கம் மட்டும் பாத்தா இது அம்புடாதுங்க. ரெண்டு வீட்டு மெயினும் எனக்கு வேணும். சேந்து பாக்கறதா இருந்தா பாக்கறேன், இல்லன்னா என்னிக்காவது யாராவது செத்துப்போவீங்க."

அவர் அப்படிப் பட்டென்று சொன்னதும் அப்பாவும் பெரியப்பாவும் தனித்தனியாகத் தலையாட்டினார்கள். ஆட்டாதவர்கள் இரண்டே பேர். அம்மா உள்ளிருந்து, "பல்புதான் லூசா இருக்கும். இதுக்குப் போயி இவ்வளவா" என்றாள். நான் இதைத் தூது சொல்லலாமே என்று அந்தப் பக்கம் ஓடினேன். பெரியம்மா அங்கே ஒயர்மேனிடம், "பல்புதாங்க லூசா இருக்கும். இதுக்குப் போயி இவ்வளவா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பேசாமல் இருக்கிற இரண்டு பேர் வாயில் ஒரே வார்த்தை எப்படி வந்தது என்று நான் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

ஒயர்மேன் ஒல்லியான ஆள். காக்கிச் சட்டைப் பையில் டெஸ்டர், காதில் பீடி. கூரைக்குக் கீழே, சுவருக்கு மேலாக, தாத்தா காலத்து ஒயர்கள் மரச்சட்டத்தில் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓடின. பெரியப்பா பக்கத்திலிருந்து அந்தச் சட்டத்தில் ஒரு முடிச்சைப் பிரிக்க வேண்டும். அதற்கு முன் இரண்டு மெயினையும் அணைக்க வேண்டும். பெரியப்பா வீட்டு மெயினை ஒயர்மேனே அணைத்தார். எங்கள் வீட்டு மெயினருகே அப்பா நின்றுகொண்டிருந்தார். நான் சொல்லி அனுப்புகிறேன், அப்போது அணையுங்கள் என்று ஒயர்மேன் ஏற்பாடு. எல்லாம் என் வழியாகத்தான். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அப்பாவுக்குப் பொறுமை இல்லை. "எப்ப அணைக்கணும்னு கேட்டுக்கிட்டு வா" என்று என்னை அனுப்பினார். நான் ஓடினேன். ஒயர்மேன் ஸ்டூல்மேல் ஏறி நின்றார். ஸ்டூலைப் பெரியப்பா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஒயர்மேன் முந்திக்கொண்டார்.

"பாப்பா, உங்க பக்கம் லைன் எடுத்தாச்சா?"

ஆறு மாதமாக ஊரே என்னிடம் கேட்ட கேள்வி. வாய் தன்னால் திறந்தது.

"எடுத்தாச்சு" என்றேன்.

எங்கள் மெயின் அணையவில்லை. அடுப்படி பகலிலும் இருட்டு. அம்மா சோறு வடிக்க விளக்கைப் போட்டிருந்தாள், பெரியப்பா வீட்டு மெயினோடு அது அணைந்துபோன பிறகும் சுவிட்சை அணைக்கவில்லை. ஒயர்மேன் முடிச்சில் கை வைத்தார். ஒரு சத்தம்தான் வந்தது, அதை வார்த்தை என்று சொல்ல முடியாது. ஸ்டூல் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம், அவருக்கு அடியில் பெரியப்பா. குறடு பறந்து போய்ப் பெரியப்பாவின் தலைவர் படத்தில் இடித்து விழுந்தது.

பெரியப்பா விழுந்த இடத்திலிருந்தே கத்தினார்.

"டேய் தம்பி, மெயின அணைடா."

சுவருக்கு அந்தப் பக்கம் உடனே 'டக்' என்று கேட்டது. அடுத்த நொடி அப்பாவின் குரல்.

"அணைச்சாச்சுண்ணே. என்னாச்சுண்ணே?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. எங்கள் வாசல் வழியாக இறங்கி, அவர்கள் வாசல் வழியாக ஏறி, செருப்பில்லாமல் உள்ளே வந்து நின்றார். கிட்டத்தட்ட ஒரு வருஷமாக அவர் மிதிக்காத தரை. அண்ணனின் கக்கத்தில் கையைக் கொடுத்துத் தூக்கி உட்காரவைத்தார். பெரியப்பாவுக்கு முழங்கை சிராய்த்து ரத்தம் கசிந்தது. ஒயர்மேன் கையை உதறிக்கொண்டு, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றார். அவர் உதடு மட்டும் வெளுத்திருந்தது.

அம்மாவும் பின்னாலேயே ஓடிவந்துவிட்டாள், கையில் கரண்டியோடு. பெரியப்பாவின் முழங்கையைப் பார்த்துவிட்டு, "அக்கா, நேத்து சொன்னீங்களே அந்தத் தைலம், அத எடுங்க" என்றாள். பெரியம்மா எடுத்துக் கொடுத்தாள். இருந்த பதற்றத்தில் யாரும் எதையும் காதில் வாங்கவில்லை.

நான் மூலையில் நின்று அழுதுகொண்டிருந்தேன். ஒரு மனுஷனைக் கொன்றிருப்பேன் என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. அப்பா திரும்பிப் பார்த்தார். "ஏன் அணைச்சாச்சுன்னு சொன்ன?"

"நான் அணைச்சாச்சுன்னு சொல்லல. லைன் எடுத்தாச்சான்னு கேட்டாரு. நம்மதான் தை மாசமே எடுத்தாச்சே."

முதலில் சிரித்தது பெரியப்பா. முழங்கையைப் பிடித்துக்கொண்டு, வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். பிறகு அப்பா. ஒயர்மேனும் தரையில் உட்கார்ந்தபடியே சிரித்துவிட்டு, என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். "அழுவாத பாப்பா. தப்பு என்னுது. கரண்ட கட் பண்றதத்தான் நாங்க லைன் எடுக்கறதுன்னு சொல்லுவோம், உனக்கு எப்படித் தெரியும்? பையில டெஸ்டர வச்சிக்கிட்டு, வச்சுப் பாக்காம கைய வச்சேன் பாரு. கரண்ட்ல வாய்ப்பேச்ச நம்பக் கூடாது." எனக்குத் தெரிந்து அந்த வயதில் என்னிடம் மன்னிப்புக் கேட்டதுபோல் பேசிய ஒரே பெரிய மனுஷர் அவர்தான். இன்றைக்கும் அவரை நினைத்தால் மனசு குளிர்ந்துபோகிறது.

அதற்குப் பிறகு தூது தேவைப்படவில்லை. ஒயர்மேன் பெரியப்பா வீட்டு மெயின் பெட்டியில் ஒரு ஒயரைக் கழற்றி, அதன் முனையில் டெஸ்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கரண்ட் வருகிற ஒயர் பேஸ், விளக்கை எரித்துவிட்டுத் திரும்பிப் போகிற ஒயர் ரிட்டன், இது உங்கள் வீட்டு ரிட்டன் என்று பெரியப்பாவுக்கு விளக்கினார். அந்த வீட்டில் மெயின் அணைந்திருக்கிறது. எங்கள் வீட்டில் மட்டும் கரண்ட் இருக்கும். அப்பா எங்கள் பக்கம் ஒவ்வொரு விளக்காகப் போட வேண்டும். எந்த விளக்குக்கு இங்கே டெஸ்டர் மினுக்குகிறதோ, அதுதான் ஆள்.

அப்பா அங்கிருந்து குரல் கொடுத்தார். "கூடம் போட்டுட்டேண்ணே."

பெரியப்பா குனிந்து டெஸ்டரைப் பார்த்தார். "ஒண்ணுமில்ல. அணை."

"ரேழி."

"ஒண்ணுமில்ல."

"மாட்டுக் கொட்டகை போட்டாச்சு."

"இல்லடா. அடுத்தது."

கேட்டுக்கொண்டிருந்த எனக்கு விசித்திரமாக இருந்தது. இரண்டு பேரும் விளக்கைத் தவிர வேறு எதையும் பேசவில்லை. ஆனால் சுவருக்கு இரண்டு பக்கமும் குரல் சகஜமாகப் போய்வந்தது. அப்பா கடைசியாக, "அடுப்படி" என்றார். டெஸ்டருக்குள் சிவப்பாக ஒரு பொட்டு எரிந்தது.

"இருக்குடா" என்றார் பெரியப்பா.

அப்பா இந்தப் பக்கம் வந்தார். ஒயர்மேன் எழுந்து நின்று காதிலிருந்த பீடியை எடுத்தார். "ஓசி ரிட்டன்" என்றார்.

அப்பாவின் முகம் மாறிவிட்டது. "ஓசியா?"

"எங்க தொழில்ல அப்படித்தாண்ணே சொல்லுவோம். உங்க அடுப்படி விளக்குக்குப் பேஸ் உங்க மீட்டர்லேருந்து வருது. ரிட்டன் மட்டும் அண்ணன் வீட்டு ஒயர்ல போவுது. பிரிச்சவன் இத மாத்தாம விட்டுட்டான். அவங்க மெயின அணைச்சா அந்த ரிட்டனும் அறுந்துபோவும், அதான் உங்களுக்கு இருட்டு. போக வழியில்லாம உங்க கரண்டு அவங்க ஒயர்லயே நிக்கும், அதான் அணைச்ச ஒயர்ல அவங்களுக்கு ஷாக்கு. யாரும் யாருக்கும் எதும் பண்ணல."

யாரும் எதுவும் செய்யவில்லை என்பது அப்பா காதில் ஏறவில்லை. ஓசி என்ற வார்த்தையிலேயே நின்றுவிட்டார். அண்ணன் கரண்ட் வேண்டாம் என்றுதானே நடையாய் நடந்து புது மீட்டர் வாங்கினார்? ஆறு மாதமாக அண்ணன் வீட்டு ஒயரில் ஓசியில் விளக்கெரித்திருக்கிறார், அதுவும் ஒரு வெளியாள் முன்னால் தெரிகிறது. அப்பாவுக்குக் கோபம் வந்தால் காது மடல் சிவக்கும். சிவந்தது. இப்போது ஏதாவது சொல்லப்போகிறார், எல்லாம் பழையபடி ஆகிவிடப்போகிறது என்று நான் பயந்தேன்.

பெரியப்பா முழங்கையில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டே, ஒயர்மேனைப் பார்த்துச் சொன்னார்.

"அது ஓசி இல்லீங்க. எங்கப்பா போட்ட ஒயரு. அதுல அவனுக்கும் பாத்தியதை இருக்கு."

அப்பா ஸ்டூலை நிமிர்த்தி வைத்தார். கீழே கிடந்த குறடை எடுத்து ஒயர்மேனிடம் கொடுத்தார். பெரியப்பாவின் தலைவர் படம் குறடு பட்டுச் சாய்ந்திருந்தது. அதையும் கையால் நேராக்கினார். பிறகு, "வியாழக்கிழமை எத்தனை மணிக்குண்ணே கிளம்பறீங்க?" என்றார்.

"ஏழு மணிக்கு. சைக்கிள்ல காத்து இருக்கான்னு பாத்து வை."

அவ்வளவுதான். ஆறு மாதம் ஆட்டிவைத்த ஒரு காரியம் இப்படிச் சைக்கிள் காற்றில் முடியும் என்று நான் நினைக்கவில்லை.

ஒயர்மேன் அன்றைக்கே அடுப்படிக்குத் தனி ரிட்டன் இழுத்து, பெரியப்பா வீட்டு ஒயரிலிருந்து எங்களைக் கழற்றிவிட்டார். மறுபடி ஒருமுறை எல்லா விளக்கையும் போட்டுப் போட்டுப் பார்த்தார். டெஸ்டர் மினுக்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் நடு மாவில் இரண்டு ஏர் பூட்டினார்கள். கோரையைப் புரட்டிப்போட இரண்டு நாள் பிடித்தது. அம்மாவும் பெரியம்மாவும் ஒரே கூடையில் கஞ்சி கொண்டுபோனார்கள். காரியக்காரர் குடையோடு வந்து பார்த்துவிட்டு வரப்பிலிருந்தே திரும்பிப் போனாராம். வியாழக்கிழமை அப்பா சைக்கிள் மிதிக்க, பெரியப்பா பின்னால் உட்கார்ந்து போனார். வீட்டுக்கு நடுவில் சுவர் இருக்கிறதா, இரண்டு மீட்டர் இருக்கிறதா என்று ஆபீசர் கேட்டிருக்கிறார். "மீட்டர் ரெண்டுங்க. சாகுபடி ஒண்ணுதாங்க" என்று பெரியப்பா சொல்லியிருக்கிறார். ஒரே தாளில் ஒருவர் கையெழுத்துக்குக் கீழே ஒருவர் கையெழுத்து. அந்த வருஷம் அறுவடைக்கு முன்னால் பதிவேட்டில் இரண்டு பெயரும் ஏறிவிட்டன. சுவரை மட்டும் யாரும் இடிக்கவில்லை. தலைவர்கள் இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள். தேர்தல் வந்தால் சண்டை வரும், முடிந்தால் தீரும்.

நான் சொல்ல வந்தது அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தைப் பற்றி. வாசல் தெளித்துக் கோலம் போட்டாயிற்று. அம்மா அடுப்படியில் சும்மா உட்கார்ந்திருந்தாள். அடிக்கடி அண்ணாந்து பல்பைப் பார்த்தாள். பல்பு நிதானமாக எரிந்தது. நான் பக்கத்தில் போய், "இனிமே கண்ணடிக்காதும்மா. ரிப்பேர் பண்ணியாச்சு" என்றேன், அவள் சந்தோஷப்படுவாள் என்று. அவள் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஆமாடி, பண்ணியாச்சு" என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. அப்போது கொல்லைப் பக்கத்திலிருந்து பெரியம்மா சத்தமாகக் கூப்பிட்டாள். "ஏ, என்னடி பண்ற? வாயேன்." அம்மா சிரித்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

எனக்கு அப்போது ஒன்றும் விளங்கவில்லை. நான் இப்போது ஒரு பாலிடெக்னிக்கில் மின்சாரப் பாடம் எடுக்கிறேன். ஒருநாள் கரும்பலகையில் இரண்டு வீடு வரைந்து, ஒரு வீட்டு விளக்கின் ரிட்டனை அடுத்த வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்து, "இந்த விளக்கு எப்போது அணையும்?" என்று பிள்ளைகளைக் கேட்டேன். "அந்த வீட்டு மெயினை யாராவது அணைக்கும்போது டீச்சர்" என்றாள் ஒரு பெண். சாக்பீஸ் கையிலேயே நின்றுவிட்டது. யாராவது அணைக்கும்போது. சாயங்காலம் அந்த நேரத்தில் பெரியப்பா டீக்கடையில் இருப்பார். வீட்டில் பெரியம்மா மட்டும்தான். இரண்டே இரண்டு தடவை, தினமும், அதே நேரத்தில். விளக்கு கண்ணடித்ததும் அம்மா குடத்தோடு கொல்லைக்குப் போவாள். திரும்பி வரும்போது முந்தானைக்குள் ஒரு கிண்ணத்தில் பெரியம்மா வைத்த வத்தக்குழம்பு மணக்கும். நான் கேட்டால், நேற்று வைத்தது என்பாள். அந்தக் குழம்பை நான் எத்தனை நாள் சப்புக்கொட்டிச் சாப்பிட்டிருக்கிறேன்.

அன்று மாலையே அம்மாவுக்குப் போன் போட்டேன். அவளுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. "இப்பத்தான் தெரிஞ்சுதா உனக்கு?" என்று சிரித்தாள். "நல்லா ஓடிக்கிட்டிருந்தத காட்டிக் குடுத்துட்டு, ரிப்பேர் பண்ணியாச்சுன்னு எங்கிட்டயே வந்து சொன்ன பாரு." தொடையில் கிள்ளியதும் அவளுக்கு ஞாபகம் இருந்தது.

அந்த வருஷம் முழுவதும், இரண்டு வீட்டுக்கும் நடுவே தூது போகிறவள் நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.